ஐந்தரை மில்லி செகண்ட்

"காது இருக்கறவன் எவனாச்சும் இந்த ஜில்லாவுல மிச்சம் இருக்கானுங்களா, டீச்சர்?"

தெய்வசிகாமணி வந்ததும் கேட்டது இதைத்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டே கேட்டார்.

பூங்கொடி டீச்சர் இரும்புக் கம்பத்தின் அடியில் குத்துக்காலிட்டு ஒரு கயிற்றுக்கு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காது எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு இருக்குதுங்கண்ணா. அந்த நுனியைச் சித்த புடிங்க."

"கயிறு புடிக்க வரலீங்க. நியாயம் கேக்க வந்திருக்கேன்."

"புடிச்சுக்கிட்டே கேளுங்க."

பிடித்துக்கொண்டார். கோபத்தோடுதான் பிடித்தார்.

கிணத்துக்கடவுக்கு மேற்கே, சுற்றிலும் சுவரோ மரமோ இல்லாத வெறும் பொட்டல் அது. நடுவில் இருபதடி உயரத்துக்கு ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு கப்பி. ஸ்பீக்கரைக் கயிறு கட்டி உச்சிக்கு ஏற்றி, அதற்கு எதிரே ஒரு மைக்கை நீட்டி டீச்சர் அளப்பார். அறைக்குள் அளந்தால் சுவரும் கூரையும் தாங்களும் பேச ஆரம்பித்துவிடும். அங்கே அந்தத் தொந்தரவு இல்லை.

டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. பாலிடெக்னிக்கில் ஒன்பது வருஷம் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு நாள் பிரின்சிபாலிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்தவர். தெய்வசிகாமணி அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அளவு என்று வந்துவிட்டால் உலகத்தில் அவர் அடங்கிப்போகிற ஒரே ஆள் பூங்கொடி டீச்சர்.

அன்றைக்கு அவர் அடங்குகிற நிலையில் இல்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கோயமுத்தூரில் ஸ்பீக்கர் பைத்தியங்களுக்கு ஒலிக்கூடம் என்று ஒரு குழு இருக்கிறது. நூற்று நாற்பது பேர். வாட்ஸ்அப்பில் தினமும் சண்டை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் சண்டை.

அதில் கிராப் கட்சி, காது கட்சி என்று இரண்டு கட்சி. மைக் வைத்து அளந்து கோடு போட்டுப் பார்த்துத்தான் ஒரு ஸ்பீக்கர் நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும் என்பது கிராப் கட்சி. கிராப்பையா கேட்கப்போகிறோம், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார் என்பது காது கட்சி. இரண்டு கட்சியிலும் எவனும் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. முதல் நாற்பது வினாடியிலேயே குறை கண்டுபிடித்து, போனைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது. நானும் அந்த நூற்று நாற்பதில் ஒருவன். டீச்சர் அதில் சேரவில்லை.

கிராப் கட்சிக்குத் தலைவர் தெய்வசிகாமணி. எந்தக் கட்சியிலும் சேராத ஒரே ஆள் இன்னாசிமுத்து. அதனால் இரண்டு கட்சிக்குமே அவர்மேல் ஓர் இளக்காரம் உண்டு.

இன்னாசிமுத்து ஒரு பம்ப் ஃபவுண்டரியில் மரப் பேட்டர்ன் செய்கிறவர். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்வார்களே, அந்த வேலை. மயிரிழை தப்பினாலும் வார்ப்பு குப்பைக்குப் போகும். அந்தக் கையால் பதினான்கு மாதம் உழைத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி செய்தார். ஒல்லியாக, ஆளுயரத்துக்கு. உள்ளே மடித்து மடித்துப் போன ஒரு நீளமான வழி. பேஸ் என்கிற அடிச்சத்தம் அந்த வழியாக நடந்து வெளியே வர வேண்டும்.

இன்னாசியும் சிகாமணியும் பத்தொன்பது வருஷச் சிநேகிதர்கள். முதல் பெட்டிக்குப் பலகை அறுத்தபோது ஒருவர் ரம்பம் பிடித்தார், ஒருவர் பலகை பிடித்தார். இன்னாசியின் மகள் ஜெனிட்டா முதல் நாள் பள்ளிக்கூடம் போனதே சிகாமணியின் ஸ்கூட்டரில்தான். பெரியப்பா என்றுதான் கூப்பிடும்.

ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிகாமணி வீட்டில் குழு கூடியது. இன்னாசி மினி ஆட்டோவில் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். காது கட்சிக்காரர்கள் கேட்டுவிட்டுக் கொண்டாடினார்கள். பேஸ் வயிற்றைத் தொடுகிறது என்றார் ஒருவர். இனிமேல் கிராப் கட்சியைக் கலைத்துவிடலாம் என்றார் இன்னொருவர், சிகாமணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

எல்லோரும் காபிக்கு வெளியே போனதும் சிகாமணி அறையில் தனியாக மைக்கை நட்டுப் பெட்டியை அளந்தார்.

அளந்துவிட்டு வெளியே வந்து ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் இன்னாசி பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சிகாமணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, முடிவு வருவதற்குள் ஓடுகிறான் என்று நினைத்தார்.

அன்று சாயங்காலமே கிராப்பைக் குழுவில் போட்டார். கூடவே இரண்டு வரி.

"நூற்றெண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வயிற்றைத் தொட்டது பேஸ் அல்ல, மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி."

அறுபத்து மூன்று பேர் சிரித்தோம். நானும் சிரித்தேன், எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்றோடு இன்னாசி குழுவிலிருந்து விலகினார். சிகாமணியிடம் பேசவில்லை. சிகாமணியும் பேசவில்லை. காது கட்சிக்காரர்கள் மட்டும் நிறையப் பேசினார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூன்று வாரம் கழித்து ஜெனிட்டாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. இன்னாசி தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அந்தப் பிரியாணிக் கிண்டலுக்குச் சிரித்தவர்கள் வீட்டுக்கும் போனார். நூற்று முப்பத்தெட்டு பேருக்கும் வைத்தார்.

வைக்காதது ஒருவருக்குத்தான்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கல்யாணம்.

"எனக்குப் பத்திரிகை முக்கியமில்லீங்க டீச்சர்" என்றார் சிகாமணி, கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு.

டீச்சர் முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"கூப்படலீன்னா போகட்டும். எனக்கென்னுங்க. பத்திரிகை முக்கியமே இல்லை."

"செரிங்க."

"ஆனா உண்மை ஒண்ணு இருக்குதில்லீங்களா. அந்தப் பெட்டியில பேஸ் இல்லை. இல்லாததை இல்லைன்னு சொன்னேன். அதுக்கு ஒருத்தன் இப்படிப் பண்ணுவானா? பத்திரிகைக்காகச் சொல்லலீங்க."

மூன்று தடவை ஆயிற்று. அப்போதுதான் டீச்சரின் பையை அவர் பார்த்தார். பக்கவாட்டுப் பையில் தங்க நிற ஓரம் வைத்த ஓர் உறை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் சிலுவை அச்சிட்டிருந்தது. சிகாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்ததாக டீச்சர் பிறகு என்னிடம் சொன்னார். கோபக்காரர்களுக்கு அழுகை வந்தால் அதையும் கோபமாகத்தான் வெளியே விடுவார்கள்.

"எனக்கு நீங்க ஒண்ணு பண்ணிக் குடுக்கோணும்" என்றார் இன்னும் உரக்க. "அந்தப் பெட்டியை நீங்க அளந்து, பேஸ் இல்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் குரூப்புல போடுறேன்."

டீச்சரின் கை நின்றது.

"கல்யாணத்தன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

டீச்சர் எழுந்து நின்றார். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எனக்கும் கோவம் வருமுங்கண்ணா. சொல்லிட்டேன்."

"வரட்டுங்க. எனக்கு வந்து அஞ்சு வாரமாச்சு."

டீச்சர் தகர ஷெட்டின் கதவைத் திறந்தார். உள்ளே இன்னாசியின் பெட்டிகள் இரண்டும் நின்றுகொண்டிருந்தன.

சிகாமணி திகைத்துப் போனார்.

"நேத்து அவரே கொண்டாந்து எறக்கிட்டுப் போனாரு" என்றார் டீச்சர். "பொண்ணுக்குக் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு, அந்த மனுசன் பெட்டியைச் சொமந்துக்கிட்டு இங்க நிக்கறாரு. அளந்து பாருங்க, ஆகலீன்னா அடுப்புக்கு வெச்சுக்கங்கன்னாரு."

"என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமேவா?"

"புடிங்கண்ணா அந்தப் பக்கம். கனம் ஜாஸ்தி."

இருவரும் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து கம்பத்தடியில் வைத்துக் கட்டினார்கள். கயிற்றை இழுத்து உச்சிக்கு ஏற்றினார்கள். சிகாமணிக்கு மூச்சு வாங்கியது. மைக்கை ஒரு மூங்கில் கழியில் கட்டி, பெட்டிக்கு நேராக நீட்டி நிறுத்தினார்கள். டீச்சர் லேப்டாப்பைத் திறந்து ஸ்டூலில் வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

"ஆரம்பிங்க" என்றார் சிகாமணி.

"காத்து நிக்கட்டும்."

வைகாசிக் கடைசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்ட நேரம். பொட்டலில் புழுதி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தக் காத்து ஆவணி வரைக்கும் நிக்காதுங்க. அளங்க. பாத்துக்கலாம்."

"காத்துல அளந்தா காத்தோட கிராப்தான் வரும்."

அரை மணி நேரம் போனது. சிகாமணி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். போனை எடுத்துக் குழுவில் வந்ததையெல்லாம் படித்துக் காட்டினார். மல்லிகைப்பூ வாசனையை ஸ்கேல் வைத்து அளக்கிறவர் என்று ஒருவன் அவரைப் பற்றி எழுதியிருந்தான். செவிடன் காதில் சங்கு ஊதினாலும் பேஸ் பிரமாதம் என்பான் என்று இவர் பதில் போட்டிருந்தார். அதற்கு அவன், அதற்கு இவர், அதற்கு வேறொருவன். படிக்கப் படிக்க அவர் குரல் ஏறிக்கொண்டே போனது.

டீச்சர் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறீங்களா டீச்சர்?"

"கேக்கறேன்."

"நீங்க எந்தப் பக்கம்னு சொல்லுங்க. கிராப்பா, காதா?"

"காத்து அடங்கற மாதிரி இருக்குது. வாயை மூடுங்க."

சிகாமணியிடம் அந்த மாதிரி யாரும் சொன்னதில்லை, அவர் மனைவி உட்பட. வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் பொத்தானை அழுத்தினார். பெட்டியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அடியிலிருந்து மெதுவாக ஏறும் ஒற்றைச் சத்தம். முதலில் நிலத்துக்குள் லாரி ஓடுகிற மாதிரி, பிறகு மனிதக் குரல் உயரத்துக்கு, பிறகு விசில், பிறகு காதில் விழாத உச்சிக்கு. அந்த அடிச்சத்தத்தில் சிகாமணியின் உள்ளங்கால் அதிர்ந்தது. செருப்பை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

"கிராப்பைக் காட்டுங்க" என்றார்.

"முதல்ல பதிவானதைக் கேளுங்க."

டீச்சரின் வழக்கம் அது. மைக்கில் பதிவானதை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே ஒரு தடவை கேட்ட பிறகுதான் கிராப் போடுவார். மூடநம்பிக்கை என்று கிராப் கட்சி அதைக் கேலி செய்யும். கேட்டார்கள். சத்தம் ஏறி முடிந்தது. பதிவின் கடைசியில் எங்கோ ஒரு மயில் கத்தியது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

பிறகு கிராப் வந்தது.

கோடு இடது பக்கமாக நீண்டு வந்தது. நூற்றெண்பதைத் தாண்டியது. நூறைத் தாண்டியது. அறுபதைத் தாண்டியது. நாற்பது வரைக்கும் மேசை போல நேராக வந்து, அதற்குக் கீழேதான் சரிந்தது.

சிகாமணி திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பெட்டியை மாத்திட்டான்" என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"உள்ளாற ஏதோ பண்ணியிருக்கான். அஞ்சு வாரம் இருந்துச்சில்ல. அன்னிக்கு நான் அளந்தது இது இல்லீங்க. நான் பொய் சொல்லுவேனா டீச்சர்? என் கிராப்பையும் பாருங்க." ஸ்கூட்டரில் கொண்டுவந்திருந்த தன் லேப்டாப்பைத் திறந்து டீச்சர் பக்கம் தள்ளினார்.

டீச்சர் பார்த்தார்.

"எத்தனை மில்லி செகண்ட் வெச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டுனீங்க?"

"வழக்கம்போலத்தான். அஞ்சரை."

சொல்லி முடித்ததும் சிகாமணியின் முகம் மாறியது.

அளக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம் என்பதால் விளக்கிவிடுகிறேன். அறைக்குள் அளக்கும்போது ஸ்பீக்கரின் சத்தம் முதலில் மைக்குக்கு வரும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது, அதே சத்தம் கூரையில் பட்டுத் திரும்பியும் வந்துவிடும். திரும்பி வருவது ஸ்பீக்கரின் குற்றமல்ல என்பதால் அது வருவதற்கு முன்பே கத்தரி போட்டுவிடுவார்கள். சிகாமணியின் அறையில் அந்த நேரம் ஐந்தரை மில்லி செகண்ட். ஆனால் பேஸ் என்பது மெதுவாக அசைகிற சத்தம். ஒரு தடவை அசைந்து முடிக்கவே அதற்கு இருபது, இருபத்தைந்து மில்லி செகண்ட் வேண்டும். ஐந்தரையில் வெட்டினால் நூற்றெண்பதுக்குக் கீழே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வெட்டினவன் அந்த இடத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

இந்தப் பாடத்தைக் குழுவில் எல்லோருக்கும் நடத்தியவரே தெய்வசிகாமணிதான். நான்கு வருஷத்துக்கு முன்னால், படம் போட்டு.

நூற்று நாற்பது பேரில் ஒருவருக்கும் அன்றைக்கு இது தோன்றவில்லை. சிரிப்பதில் மும்முரமாக இருந்தோம்.

"தப்பு என்னுதுதான்" என்றார் சிகாமணி. நல்லவேளையாக அதைச் சொல்லுகிற அளவுக்கு மனிதர். "கோவத்துல பாக்காமப் போட்டுட்டேன். ஒத்துக்கறேன். இன்னிக்கே குரூப்புல எழுதறேன்."

டீச்சர் தலையசைத்தார்.

அவ்வளவுதான் கோபம் என்று நினைத்தால் தப்பு. அதுவரை கிராப்பின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்த கோபம், இப்போது நிற்க இடமில்லாமல் இன்னாசியின்மேல் நேராக இறங்கியது.

"ஆனா ஒண்ணு கேக்கறேன் டீச்சர். நான் கிராப் போட்டது சாயங்காலம். அவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனது அதுக்கு முந்தி. நான் ஒண்ணுமே சொல்றதுக்கு முந்தி. அப்ப நான் என்ன தப்பு பண்ணியிருந்தேன்? அளந்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

குரல் உடைந்தது. அதை மறைக்கக் கத்தினார்.

"பத்தொம்போது வருசம். ஒரு வார்த்தை சொல்லலை. ஏண்டா போறேன்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அவன் அப்படிப் போனதுனாலதான் எனக்கு வெறி வந்துச்சு. அந்த வெறியிலதான் போட்டேன். யாருங்க முதல்ல முறிச்சது? நானா, அவனா? ஊர்ல நாயி நரிக்கெல்லாம் தட்டு வெச்சான். எனக்கு வெக்கலை. அந்தப் புள்ளையை நான் தோள்ல தூக்கியிருக்கறேன் டீச்சர்."

காற்று மறுபடி கிளம்பியிருந்தது. டீச்சர் மூங்கில் கழியை இறக்கி, புழுதி படாமல் மைக்குக்கு உறையைப் போட்டார்.

"அன்னிக்கு எடுத்த பதிவு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"எது?"

"மைக்குல பதிவானது. வெட்டாதது."

"இருக்குது. நான் எதையும் அழிக்க மாட்டேன். சத்தம் நின்ன பொறகும் முப்பது வினாடி மைக்கைத் திறந்துதான் வெச்சிருப்பேன், அறை அடங்கோணுமல்ல. எதுக்குங்க? அஞ்சரைக்கு அப்பறம் வர்றது பூராக் குப்பை. சுவரு, கூரை. பத்தாததுக்கு எவனோ நடுவுல உள்ள வந்து பேசிக் கெடுத்தான்."

"எவனோன்னா யாருங்க?"

"திரும்பிப் பாக்கலீங்க, என்ன பேசுனான்னும் காதுல வாங்கலை. திரையில கோடு வந்துக்கிட்டு இருந்துச்சு. காது கட்சிக்காரன் எவனாச்சும் வம்புக்கு வந்திருப்பான். வெட்டுனா போச்சு, கிராப்புக்கு அது வேண்டியதில்லை."

டீச்சர் சிகாமணியின் லேப்டாப்பிலிருந்து ஓர் ஒயரை இழுத்து ஆம்ப்ளிஃபயரில் செருகினார். கம்பத்தின் உச்சியில் இன்னாசியின் பெட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வெட்டாமப் போடுங்க" என்றார்.

"நேரம்தான் வீண்."

"போடுங்கண்ணா."

சிகாமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாகப் பதிவை ஓடவிட்டார்.

முதலில் அந்தச் சத்தம். அடியிலிருந்து ஏறியது, உச்சிக்குப் போய் மறைந்தது. அப்புறம் சிகாமணியின் அறை. வாசல் பக்கமிருந்து காபி குடிக்கிறவர்களின் சிரிப்பு. கதவு திறக்கும் சத்தம். செருப்பில்லாத காலடிகள். பித்தளைத் தட்டில் ஏதோ உருண்டு நின்றது, எலுமிச்சம்பழமாக இருக்கலாம்.

"சிகா" என்றது பெட்டி.

இன்னாசியின் குரல்.

"சிகா, சித்த எந்திரிப்பா. பத்திரிகை கொண்டாந்திருக்கறேன். கோயில்ல வெச்சாச்சு. அடுத்தது உனக்குத்தான். எங்கண்ணன் ஊட்டுக்கே இன்னும் போகலை."

"ஷ்ஷ்."

அது சிகாமணியின் சத்தம். மைக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் நன்றாகப் பதிவாகியிருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தட்டைக் கை மாற்றிப் பிடிக்கிற சத்தம் மட்டும்.

"ஜெனி சொல்லிவிட்டா. பெரியப்பா கையிலதான் முதல்ல குடுக்கோணும்னு. உக்காந்துக்கிட்டு வாங்கக் கூடாது சிகா, எந்திரிச்சு..."

"யாருப்பா அது? அறிவில்லையா? வெளிய போங்க. எல்லாம் கெட்டுப்போச்சு."

மறுபடி ஒன்றுமில்லை. அப்புறம் காலடிகள், வந்ததைவிட மெதுவாக. கதவு சாத்திக்கொண்டது. வாசலில் யாரோ ஒரு ஜோக் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதில் என் சிரிப்பும் இருக்கும்.

பதிவு முடிந்தது.

சிகாமணி கம்பத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீச்சர் கொஞ்சம் பொறுத்தார். பிறகு குனிந்து லேப்டாப்பை மூடப் போனார்.

"மூடாதீங்க" என்றார் சிகாமணி. "இன்னொருக்கா போடுங்க."

டீச்சர் போட்டார்.

சத்தம் ஏறியது, மறைந்தது. சிரிப்பு. கதவு. காலடிகள். தட்டு.

"சிகா, சித்த எந்திரிப்பா."

தெய்வசிகாமணி எழுந்து நின்றார்.